மணலும் வாங்கும்

சென்ற ஆண்டு இலையுதிர்காலத்தில் என் மகளின் ஆரம்பப் பாடசாலையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அவள் அப்போதுதான் முதலாம் வகுப்புக்குப் போயிருந்தாள். கிழமையில் ஒருநாள் காலை, அரை மணித்தியாலம், பெற்றோர் வகுப்புக்கு வந்து பிள்ளைகள் வாசிப்பதைக் கேட்டுக்கொண்டிருக்க முடியுமா என்று அதில் கேட்டிருந்தார்கள். படிப்பிக்கத் தேவையில்லை. பிழை திருத்தவும் தேவையில்லை. பக்கத்தில் இருந்து கேட்டால் போதும்.

லண்டனில் ஓர் உணவகத்தின் குசினியில் வேலை செய்கிறவனுக்குக் காலை நேரம் மட்டும்தான் சொந்தம். ஆகவே போவதற்கு நேரம் இருந்தது. துணிவுதான் இருக்கவில்லை. பல்கலைக்கழகப் படிப்பை இடையில் விட்டுவிட்டு வந்தவன் நான். என்னுடைய ஆங்கிலம் கோழி இறைச்சிக்கு ஓடர் கொடுக்கவும் குடிவரவு அலுவலகத்தின் கேள்விகளுக்குப் பதில் சொல்லவும் போதுமானது. ஐந்து வயதுப் பிள்ளையொன்று என் உச்சரிப்பைக் கேட்டுச் சிரித்துவிட்டால் என்ன செய்வது என்று இரண்டு கிழமை யோசித்தேன். கடைசியில் மகள்தான் "அப்பா, நீங்கள் கதைக்கத் தேவையில்லை, நான்தான் வாசிப்பன்" என்று சொல்லிக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

அங்கே இரண்டு விடயங்களைக் கண்டேன். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் சிலர் வந்து, ஆளுக்கொரு சின்னப்பிள்ளையின் பக்கத்தில் இருந்து, புத்தகத்தைச் சேர்ந்து பிடித்துக்கொண்டு வாசிப்பித்தார்கள். மற்றது, யன்னலோரம் ஒரு தட்டில் மணல். ஒரு பிள்ளை விரலால் எழுத்தை எழுதி, சத்தமாகச் சொல்லி, தட்டை ஆட்டி அழித்துவிட்டு மறுபடியும் எழுதியது. எழுத்து வராதபோது ரீச்சர் குனிந்து அதன் விரலைப் பிடித்து எழுதுவித்தார். இப்படி எழுதினால் எழுத்து விரலுக்குப் பழகிவிடும் என்று எனக்கு விளக்கமும் சொன்னார். 'இது எங்களுடைய முறையல்லவா' என்று சொல்ல வாய் உன்னியது. ஆனால் அந்த நேரம் என் அப்புவின் நினைவு வந்தது. அப்புவும் மணலில்தான் எழுதப் பழகினார். அவர் மணலில் எழுதியதற்குக் காரணம் வேறு. நான் பேசாமல் தலையாட்டினேன்.

மதியச் சாப்பாட்டு வேலைக்கும் இரவுச் சாப்பாட்டு வேலைக்கும் இடையில் குசினி ஓய்ந்திருக்கும் மூன்று மணித்தியாலத்தில் பக்கத்து நூலகத்தில் இருந்து இந்த விடயத்தைத் தேடிப் படித்தேன். படித்ததையும் அப்பு சொன்னதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

*

திண்ணைப் பள்ளிக்கூடம் என்று சொல்லப்பட்டது பெரிய கட்டடம் எதுவுமல்ல. ஒரு வீட்டுத் திண்ணை, இல்லாவிட்டால் ஒரு கோயில் மண்டபம் அல்லது மரநிழல். ஒரு வாத்தியார். நிலத்தில் பரப்பிய மணல். புதிதாக வந்த பிள்ளையின் விரலைப் பிடித்து மணலில் எழுத்தை எழுதுவிப்பார்கள். வாய் உரத்துச் சொல்ல விரல் எழுதும். கை பழகிய பிறகுதான் ஓலையும் எழுத்தாணியும். அரிச்சுவடி, ஆத்திசூடி, கொன்றைவேந்தன், எண்சுவடி, நிகண்டு என்று படிப்பு மேலே போகும். வெவ்வேறு நிலையிலுள்ள பிள்ளைகள் எல்லோரையும் ஒரு வாத்தியார் ஒரே நேரத்தில் பார்க்க முடியாது. ஆகவே முன்னே போன பிள்ளைகள் பின்னே வருபவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். அவர்களுக்குத் தலைவன் சட்டாம்பிள்ளை. யாழ்ப்பாணத்தில் இதை ஒத்த 'சட்டம்பியார்' என்ற சொல் வாத்தியாரையே குறிக்கும். பிரம்படியும், பிள்ளையைக் கயிற்றில் தொங்கவிடும் கோதண்டம் என்ற தண்டனையும் இதே திண்ணையில்தான் இருந்தன என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

இந்த முறை எவ்வளவு பழையது என்பதற்கு ஒரு சான்று உண்டு. 1623இல் கன்னட நாட்டுப் பக்கம் பயணம் செய்த பியேத்றோ டெல்லா வல்லே என்ற இத்தாலியர், கோயில் முன்மண்டபம் ஒன்றில் நான்கு சிறுவர்கள் நிலத்தில் மணலைத் தூவி, பாட்டாகச் சொல்லிக்கொண்டே விரலால் கணக்கு எழுதியதைக் கண்டு எழுதியிருக்கிறார். வாத்தியார் பக்கத்தில் இல்லாமல் அவர்கள் தங்களுக்குள்ளேயே படித்துக்கொண்டிருந்தார்கள் என்பதுதான் அவரை வியக்க வைத்தது.

அதற்கு ஏறத்தாழ 170 வருடங்களுக்குப் பின்னர் இதே காட்சி இன்னொரு வெள்ளைக்காரரின் கண்ணில் பட்டது. அவர் பெயர் அன்ட்றூ பெல். 1753இல் ஸ்கொட்லாந்தின் சென் அன்ட்றூஸ் நகரில் பிறந்தவர். தகப்பன் ஒரு முடிதிருத்துபவர். பெல் வேர்ஜீனியாவில் சில வருடம் வீட்டு ஆசிரியராக இருந்து, திரும்பி வந்து பாதிரியாராகி, 1787இல் சென்னைக்கு வந்தார். 1789இல் எழும்பூரில் இருந்த படையினரின் ஆண் அநாதைகளுக்கான விடுதிப் பாடசாலையின் பொறுப்பை ஏற்றார். அங்கிருந்தவர்கள் கும்பனிப் படைச் சிப்பாய்களின் பிள்ளைகள். தகப்பன்மார் வெள்ளையர், தாய்மாரில் பெரும்பாலானோர் இந்தியப் பெண்கள். வாத்தியார்மாருக்குப் படிப்பிப்பதில் அக்கறை இல்லை. சின்னப் பிள்ளைகள் மாதக்கணக்கில் அரிச்சுவடியிலேயே நின்றார்கள்.

ஒருநாள் காலை குதிரையில் போன பெல், 'மலபார்' பள்ளிக்கூடம் ஒன்றைத் தாண்டிப் போனார். அந்தக் காலத்து வெள்ளையர் சென்னைத் தமிழரை மலபார் என்றுதான் எழுதினார்கள். பிள்ளைகள் நிலத்தில் இருந்து மணலில் விரலால் எழுதிக்கொண்டிருந்தார்கள். பெல் திரும்பி வந்து தனது பாடசாலையிலும் அப்படிச் செய்யச் சொன்னார். வாத்தியார் முடியாது என்றார். அப்போது பெல் எட்டு வயதுச் சிறுவன் ஒருவனைப் பிடித்து, சின்னப் பிள்ளைகளுக்கு மணலில் எழுத்துப் பழக்கும் வேலையை அவனிடம் கொடுத்தார். ஜோன் பிறிஸ்கின் என்ற அந்தச் சிறுவன், ஒரு சாதாரண சிப்பாயின் மகன், வாத்தியார் முடியாது என்றதைச் செய்து காட்டினான். பிறகு பாடசாலை முழுவதிலும் பிள்ளைகளே பிள்ளைகளுக்குப் படிப்பித்தார்கள். 1796இல் நாடு திரும்பிய பெல், 1797இல் இந்தப் பரிசோதனையை ஒரு சிறு நூலாக லண்டனில் வெளியிட்டார். 1798இல் லண்டன் அல்ட்கேற்றில் உள்ள சென் பொட்டொல்ஃப் தர்மப் பாடசாலை இதை முதலில் எடுத்துக்கொண்டது. எங்கள் ஆட்கள் வேலைக்குப் போகும் பஸ்கள் இன்றும் அந்தத் தேவாலயத்துக்குப் பக்கத்தால்தான் போகின்றன.

*

இங்கிலாந்தில் இந்த முறைக்கு என்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். அதே 1798இல் ஜோசப் லங்காஸ்ரர் என்ற இருபது வயது இளைஞர் தெற்கு லண்டனில் ஏழைப் பிள்ளைகளுக்கு ஒரு பாடசாலை தொடங்கினார். சம்பளம் கொடுத்து உதவியாசிரியர் வைக்க அவரிடம் காசில்லை. அவரும் பிள்ளைகளை வைத்தே பிள்ளைகளுக்குப் படிப்பித்தார். மணல் பரப்பிய மேசைகளையும் பயன்படுத்தினார். ஒரே ஆசிரியரைக் கொண்டு ஆயிரம் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கலாம் என்பது அவரது வாதம். அவர் குவேக்கர் சமயத்தவர். அவருடைய பாடசாலைகள் பெருகியதைக் கண்ட இங்கிலாந்துத் திருச்சபை, 1811இல் ஏழைகளின் கல்விக்கான தேசியச் சங்கத்தை அமைத்து அதற்குப் பெல்லைத் தலைமைப் பொறுப்பில் வைத்தது. இரண்டு பக்கமும் ஆளுக்காள் போட்டியாகப் பாடசாலைகளைத் திறந்தன. முறை பிரான்சுக்கும் ரஷ்யாவுக்கும் தென் அமெரிக்காவுக்கும் போனது. 1814இல் றொபேர்ட் மே என்ற மிஷனரி இதை 'லங்காஸ்ரர் முறை' என்ற பெயரில் வங்காளத்துச் சின்சுராவுக்குக் கொண்டுவந்தார். இந்தியாவிலிருந்து போனது வெளிநாட்டுச் சரக்காகத் திரும்பியது.

ஆனால் போன இடத்தில் அது பழைய முறையாக இருக்கவில்லை. திண்ணையில் ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையின் விரலைப் பிடித்தது. இங்கிலாந்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் வரிசையாக வாங்குகளில் இருக்க, கட்டளைக்கு எழுந்து கட்டளைக்கு இருந்தார்கள். அது தொழிற்சாலைகள் எழும்பிக்கொண்டிருந்த காலம். குறைந்த செலவில் பெருந்தொகைப் பிள்ளைகள் என்பதுதான் முறையின் சிறப்பாகப் பேசப்பட்டது. ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும் கூடுதலாகப் படிப்பித்தால் அவர்கள் தம் நிலைமைக்கு மேலே ஆசைப்படுவார்கள், வேதாகமம் வாசிக்கத் தெரிந்தால் போதும் என்ற கருத்தைப் பெல்லே தனது நூலின் பிந்திய பதிப்பொன்றில் எழுதினார். முடிதிருத்துபவரின் மகன் இதைச் சொன்னார் என்பதுதான் வேதனை. 1832இல் இறந்த பெல்லை வெஸ்ற்மின்ஸ்ரர் அபேயில் அடக்கம் செய்தார்கள். அவர் கல்விக்கென்று விட்டுச்சென்ற பெருந்தொகைப் பணத்தில் சென் அன்ட்றூஸில் எழுந்த பாடசாலைக்கு 'மட்றாஸ் கொலிஜ்' என்று பெயர். அது இன்றும் இயங்குகிறது.

பின்னர் இந்த முறை கைவிடப்பட்டது. 1846இல் பயிற்சி பெறும் மாணவ ஆசிரியர்கள் வந்தார்கள். 1862இல் இன்னொரு விதி வந்தது. பரிசோதகர் வந்து ஒவ்வொரு பிள்ளையையும் வாசிக்கச் சொல்வார். சரியாக வாசித்தால் பாடசாலைக்குக் காசு. இல்லையென்றால் வெட்டு. பிள்ளைகள் பாடப்புத்தகத்தை மனப்பாடம் செய்து வாசிப்பது போல நடித்தார்கள். ஆசிரியர்களும் அதற்குத் துணைபோனார்கள். இது ஏறத்தாழ 35 வருடம் நீடித்தது.

*

இந்தக் கதையை எம்மவர்கள் சிலர் ஏற்கெனவே அறிவார்கள். 'வெள்ளைக்காரனுக்கே படிப்பித்தவர்கள் நாங்கள்' என்று மேடையில் சொல்லக் கேட்டிருக்கிறேன். சொல்வதற்கு ஆதாரமும் இருக்கிறது. சென்னை கவர்னர் தோமஸ் மன்றோ 1822இல் ஒரு கணக்கெடுப்புக்கு உத்தரவிட்டார். 1826இல் அவர் எழுதிய குறிப்பின்படி மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகள் இருந்தன. 1,88,650 பிள்ளைகள் படித்தார்கள். சனத்தொகை ஏறத்தாழ 1 கோடியே 28 இலட்சம். பெல்லாரி கலெக்டர் கம்பெல் 1823இல் அனுப்பிய அறிக்கையில், மூத்த பிள்ளைகள் இளையவர்களுக்குப் படிப்பிக்கும் முறையை மெச்சி, இங்கிலாந்து அதைப் பின்பற்றியது தகும் என்றார். சனங்கள் வறுமைப்பட்டுப் போவதால் பள்ளிகள் அழிகின்றன என்று அவரே அதில் ஒப்புக்கொண்டார். 1931 ஒக்டோபரில் லண்டன் சதம் ஹவுஸில் பேசிய காந்தி, வெள்ளையர் ஓர் அழகிய மரத்தின் வேரைத் தோண்டிப் பார்த்து அதை அப்படியே பட்டுப்போக விட்டார்கள் என்றார். சேர் பிலிப் ஹார்ட்டொக் அதை மறுத்து அவரோடு நீண்டகாலம் கடிதப் போர் நடத்தினார். 1983இல் தரம்பால் மன்றோ காலத்து ஆவணங்களைத் தொகுத்து வெளியிட்ட நூலின் பெயரும் அந்த அழகிய மரம்தான்.

தமிழ் மாவட்டங்களில் படித்தவர்களில் பெரும்பான்மையினர் பிராமணரல்லாதவர்கள் என்பதைத் தரம்பால் காட்டினார். அது முக்கியமான விடயம். பிராமணர் மட்டும்தான் படித்தார்கள் என்ற எண்ணத்தை அது உடைத்தது. ஆனால் அந்த அட்டவணையை நான் வேறு விதமாகப் பார்த்தேன். அதில் ஐந்து நிரல்கள். பிராமணர், வைசியர், சூத்திரர், மற்றெல்லாச் சாதியார், முஸ்லிம்கள். பறையருக்கோ பள்ளருக்கோ ஒரு நிரல் கிடையாது. அவர்களில் யாராவது படித்திருந்தால் 'மற்றெல்லாச் சாதியார்' என்பதற்குள் மறைந்திருக்கிறார்கள். படிக்கவில்லையென்றால் படிக்கவில்லை என்ற செய்திகூட அங்கே பதிவாகவில்லை. பெண்பிள்ளைகளின் தொகை பெரும்பாலான மாவட்டங்களில் மிகச் சொற்பம். மரம் அழகானதாகவே இருக்கட்டும். அதன் நிழலில் யார் இருந்தார்கள் என்று கேட்காமல் அதன் அழகைப் பற்றிப் பேச என்னால் முடியவில்லை.

*

யாழ்ப்பாணத்துக்கு வருவோம். அமெரிக்க மிஷனரிகள் 1816இல் வந்து தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் உடுவிலிலும் காலூன்றினார்கள். 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரி. 1824இல் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பாடசாலை. ஊர்கள்தோறும் சிறு தமிழ்ப் பள்ளிக்கூடங்கள். இதற்கு எதிராக ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அச்சுக்கூடம் வைத்துப் பாலபாடங்களை வெளியிட்டார். வாசிப்புப் பழக்கும் வரலாற்றில் அது ஒரு பெரிய அடி. மனனம் செய்வதற்கான செய்யுளை விட்டு, படிப்படியாக வாசிப்பதற்கான உரைநடையைச் சிறுபிள்ளையின் கையில் அவர் கொடுத்தார். ஆனால் அந்தக் கை யாருடைய பிள்ளையின் கை என்ற கேள்வியை நாவலர் கேட்கவில்லை. சாதி ஒழுங்கை அவர் ஏற்றுக்கொண்டிருந்தார். சைவப் பாடசாலையின் வாசல் எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. மிஷன் பாடசாலை வாசல் திறந்திருந்தாலும் உள்ளே வாங்கு எல்லோருக்கும் இருக்கவில்லை. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் நிலத்தில் அல்லது தாவாரத்தில் இருந்தார்கள்.

1930ஆம் ஆண்டளவில், அரச மானியம் பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் கொடுக்க வேண்டும் என்ற விதி வந்தது. யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் போன்றவை அதை ஆதரித்தன. ஆனால் அதற்கு எதிராக மனுக்கள் போயின. பிள்ளைகளைப் பாடசாலையிலிருந்து நிற்பாட்டினார்கள். சில பாடசாலைகளுக்குத் தீ வைத்தார்கள். ஒரு பிள்ளை வாங்கில் இருப்பதைவிடப் பாடசாலை சாம்பலாவது மேல் என்று நினைத்தவர்களும் தமிழர்தான்.

என்னுடைய அப்பு 1931இல் ஆறு வயதில் பாடசாலைக்குப் போனார். அவருடைய தகப்பன் சீவல் தொழிலாளி. சம ஆசன விதி கொழும்பிலிருந்து புறப்பட்டிருந்தாலும் எங்கள் ஊருக்கு வந்து சேரவில்லை. "வாங்கில இருந்த பெடியளுக்குச் சிலேற்று. எங்களுக்குத் தாவாரத்து மண்" என்று அப்பு சொல்வார். அதைவிட அவர் அடிக்கடி சொன்னது இன்னொன்று. சட்டம்பியார் அவருடைய விரலைப் பிடிக்கவில்லை. ஒரு தடியால் தூரத்தில் நின்று மண்ணில் எழுத்தைக் கீறிக் காட்டுவார். பிழையாக எழுதினால் அதே தடியால் அழிப்பார். அதே தடியால் அடிப்பார். ஒரு மாதமாகியும் அப்புவுக்கு முதல் எழுத்தின் சுழி வரவில்லை. கடைசியில் வீட்டுக்குப் போகும் வழியில், ஒழுங்கை மண்ணில், மூன்றாம் வகுப்பில் படித்த அயல்வீட்டுப் பெடியன் ஒருவன் குந்தியிருந்து, விரலைப் பிடித்து எழுதுவித்தான். எழுபது வயதிலும் அந்தப் பெடியனின் பெயரை அப்பு சொல்லுவார். சட்டம்பியாரின் பெயரைச் சொன்னதில்லை.

லண்டன் வகுப்பில் அந்த ரீச்சர் குனிந்து பிள்ளையின் விரலைப் பிடித்தபோது எனக்கு ஏன் தொண்டை அடைத்தது என்பது இப்போது வாசகருக்கு விளங்கும். பெல் கண்டதும் லங்காஸ்ரர் செய்ததும் நாங்கள் பெருமைப்படுவதுமான அந்த முறையின் உயிர் மணலில் இல்லை. தொட்டுச் சொல்லிக் கொடுப்பதிலும் பக்கத்தில் இருப்பதிலும்தான் இருக்கிறது. தீண்டாமை தடுத்தது அந்த இரண்டையும்தான். மணலை விட்டுவிட்டுத் தொடுகையை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் மண்.

இதே காலத்தில் யாழ்ப்பாண நகரில் இன்னொரு முடிதிருத்துபவரின் மகன் படித்துக்கொண்டிருந்தார். 1927இல் பிறந்த டொமினிக் ஜீவா. வகுப்பில் ஆசிரியர் ஒருவர் தொழிலைச் சொல்லி அவமதித்ததால் சிறுவயதிலேயே படிப்பை விட்டு அவரும் சவரக் கத்தியைக் கையில் எடுத்தார். ஆனால் வாசிப்பை விடவில்லை. அந்தச் சலூனிலிருந்துதான் 1966இல் 'மல்லிகை' பிறந்தது. நாற்பது வருடங்களுக்கு மேல் வந்தது. 2021இல் அவர் காலமானார். சென் அன்ட்றூஸ் முடிதிருத்துபவரின் மகனுக்கு வெஸ்ற்மின்ஸ்ரர் அபேயில் கல்லறை. யாழ்ப்பாண முடிதிருத்துபவரின் மகனுக்கு ஆரம்பப் பாடசாலையில் ஒரு இடம் இருக்கவில்லை. ஆங்கிலேயரிடம் வர்க்கத் திமிர் இல்லையென்று நான் சொல்ல வரவில்லை. எங்களுடைய கணக்கை நாங்கள்தான் பார்க்க வேண்டும் என்கிறேன்.

*

அப்பு மூன்றாம் வகுப்போடு நின்றார். ஆனால் வாசிக்கத் தெரிந்துவிட்டது. பின்னேரங்களில் எங்கள் குறிச்சி வாசிகசாலையில் அவர்தான் பேப்பர் வாசிப்பார். வாசிக்கத் தெரியாத பத்துப் பதினைந்து பேர் சுற்றியிருந்து கேட்பார்கள். நடுவில் நிற்பாட்டி, அதற்கு என்ன அர்த்தம் என்று விவாதிப்பார்கள். பாடசாலை தராத சமூக வாழ்க்கையை எங்கள் சனத்துக்கு வாசிகசாலைதான் தந்தது.

1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தது. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி பெறும் பாடசாலைகளில் பெரும்பாலானவற்றை அரசு பொறுப்பேற்றது. அகில இலங்கை சிறுபான்மைத் தமிழர் மகாசபை விடாமல் போராடி ஒடுக்கப்பட்ட மக்களின் குறிச்சிகளில் பல அரசாங்கப் பாடசாலைகளைத் திறப்பித்தது. 1970இல் நியமன எம்.பி. ஆன எம்.சி. சுப்பிரமணியம் போன்றவர்களின் உழைப்பு அதில் பெரிது. என் அம்மா அப்படி ஒரு பாடசாலையில்தான் படித்தார். ஓலைக் கொட்டிலில் தொடங்கிய பாடசாலை. கூரை வேய்ந்தவர்கள் ஊர்ச்சனங்கள். அங்கே அம்மா வாங்கில் இருந்தார். இலவசக் கல்வியைப் பற்றிப் பேசும்போது கன்னங்கராவோடு நிற்பாட்டிவிடுகிறோம். சட்டம் வந்த பிறகும் வாங்குக்காகத் தனியே போராட வேண்டியிருந்ததை எங்கள் கல்வி வரலாறுகள் ஒரு பந்தியில் கடந்துவிடுகின்றன.

1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் வெளிக்கிட்டது. எனக்கு ஏழு வயது. தென்மராட்சியில் ஒரு மாமரத்தின் கீழ்தான் எங்கள் வகுப்பு. கொப்பி இல்லை, பென்சில் இல்லை. உயர்தரம் படித்துக்கொண்டிருந்த ஒரு அக்கா வந்து மண்ணில் எழுதுவித்தா. பெரிய வீட்டுப் பிள்ளைகளும் நாங்களும் ஒரே மண்ணில் இருந்தோம். வாங்கு ஒருவருக்கும் இல்லை. கூட்டிப்போக வந்த அப்பு கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "இப்பதான்ரா சம ஆசனம் வந்திருக்கு" என்றார். சிரித்தபடிதான் சொன்னார். அன்று எனக்கு அது விளங்கவில்லை.

*

இனி, இந்த நாட்டில் பெற்றோர் எப்படி வகுப்புக்குள் வந்தார்கள் என்பதைச் சொல்லி முடிக்கிறேன். அதுவும் தானாக நடந்ததல்ல. 'பெற்றோர் இதற்கு அப்பால் வரக்கூடாது' என்ற பலகை இங்கேயும் பாடசாலை வாசல்களில் ஒருகாலத்தில் இருந்தது. ஆரம்பப் பாடசாலைகள் பற்றிய 1967ஆம் ஆண்டின் பிளௌடன் அறிக்கை பெற்றோரைப் பாடசாலைக்குள் வரவேற்கச் சொன்னது. 1975இன் புல்லொக் அறிக்கை, ஒரு பிள்ளை பாடசாலை வாசலைத் தாண்டும்போது வீட்டு மொழியையும் பண்பாட்டையும் வெளியே கழற்றி வைத்துவிட்டு வரவேண்டும் என்று எதிர்பார்க்கக்கூடாது என்றது.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த சங்கதி. 1970களின் பிற்பகுதியில் வட லண்டனின் ஹரிங்கே பகுதியில் பார்பரா ரிசாட்டும் அவருடன் சேர்ந்தவர்களும் ஓர் ஆய்வு செய்தார்கள். தொழிலாளர் குடும்பங்களும் குடிவந்தவர்களும் வாழும் பகுதி. ஒரு பகுதிப் பிள்ளைகள் பாடசாலைப் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தாய் தகப்பனுக்கு வாசித்துக் காட்டினார்கள். இன்னொரு பகுதியினருக்குப் பாடசாலையிலேயே தேர்ச்சி பெற்ற ஆசிரியர் ஒருவர் மேலதிகமாகப் படிப்பித்தார். இரண்டு வருடம் இப்படி நடந்தது. 1982இல் முடிவுகள் வெளிவந்தன. வீட்டில் வாசித்துக் காட்டிய பிள்ளைகள் தெளிவாக முன்னேறியிருந்தார்கள். மேலதிக ஆசிரியரிடம் படித்தவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. அந்தப் பெற்றோரில் சிலருக்கு ஆங்கிலம் பேசவே தெரியாது. சிலருக்கு எந்த மொழியிலும் வாசிக்கத் தெரியாது. அவர்கள் பக்கத்தில் இருந்து கேட்டார்கள். அவ்வளவுதான்.

இதைப் படித்த அன்று நூலகத்திலிருந்து வேலைக்குப் பிந்திப் போனேன். என்னுடைய உச்சரிப்பைப் பற்றி இரண்டு கிழமை யோசித்ததை நினைக்க வெட்கமாக இருந்தது. ஒழுங்கையில் குந்தியிருந்த அந்தப் பெடியனுக்கு என்ன தகுதி இருந்தது? அவன் மூன்றாம் வகுப்பு. ஜோன் பிறிஸ்கினுக்கு எட்டு வயது.

இங்கே சனிக்கிழமைகளில் எங்கள் தமிழ்ப் பாடசாலைகள் நடக்கின்றன. வாடகைக்கு எடுத்த வகுப்பறைகளில், தேவாலய மண்டபங்களில், சம்பளமில்லாமல் எத்தனையோ பேர் உழைக்கிறார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பெற்றோராகிய நாங்கள் என்ன செய்கிறோம்? பிள்ளையை வாசலில் இறக்கிவிட்டுக் காருக்குள் இருந்து போனைப் பார்க்கிறோம். பேச்சுப் போட்டிக்குப் பிள்ளையை மனப்பாடம் செய்யவைக்கிறோம். எழுதிக் கொடுத்ததன் பொருள் பிள்ளைக்குத் தெரியாது. 1862இன் பரிசோதகர் இப்போது எங்கள் வீட்டுக்குள் இருக்கிறார். உள்ளே போய் ஒரு சின்னக் கதிரையில் இருந்து, நம்முடைய பிள்ளையையும் அல்ல, இன்னொருவரின் பிள்ளையைப் பக்கத்தில் வைத்து, அது தட்டுத்தடுமாறித் தமிழ் வாசிப்பதைப் பொறுமையாகக் கேட்க எத்தனை பேர் தயார்? அந்தப் பிள்ளை எந்த ஊர், அந்த ஊரில் எந்தப் பக்கம் என்று மனதுக்குள் விசாரிக்காமல் கேட்க எத்தனை பேர் தயார்?

நான் இப்போது ஒவ்வொரு புதன்கிழமையும் மகளின் பாடசாலைக்குப் போகிறேன். சனிக்கிழமைகளில் இரவு வேலைக்கு முதல் தமிழ்ப் பாடசாலையில் ஒரு மணித்தியாலம் இருக்கக் கேட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. அப்பு 2003இல் இறந்துவிட்டார். அவர் இருந்திருந்தால் மகளை அவருக்குப் பக்கத்தில் இருத்தி வாசிக்கச் சொல்லியிருப்பேன். ஆங்கிலம் அவருக்குத் தெரியாது. அதனால் ஒன்றும் குறைந்திருக்காது.